உடன்வருபவர் வாசலில் காத்திருக்கிறார்

கோல்ஃப் சம்மேளனத்தோட பிரதான மண்டபத்துல என் போட்டோ மாட்டியிருக்கு. கோட்டு, டை, கையில வெள்ளிக் கோப்பை, பல்லெல்லாம் தெரியற சிரிப்பு. கீழே பித்தளைத் தகட்டுல "மகளிர் சாம்பியன், தொடர்ந்து மூன்று ஆண்டுகள்"னு பொறிச்சிருக்காங்க. நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கோல்ஃப் மட்டையை என் வாழ்க்கையில ரெண்டே தடவைதான் கையில பிடிச்சிருக்கேன். ஒரு தடவை கட்டிலுக்கு அடியில போன செருப்பை இழுக்க. இன்னொரு தடவை பல்லி அடிக்க. பல்லி தப்பிச்சிடுச்சு.

ஜெயிச்சது என் பொண்டாட்டி. போட்டோல அவளும் இருக்கா, உத்துப் பார்த்தா தெரியும். இடது ஓரத்துல என் கோட்டு நுனியைச் சரி பண்ற மாதிரி நாலு விரல் தெரியுதே, அது அவ விரல்தான். ஃபிரேம் சின்னதாப் போச்சாம், மீதியை வெட்டிட்டாங்க.

இது எப்படி நடந்துச்சுன்னு கேக்குறவங்ககிட்ட எல்லாம் நான் பொறுமையா சொல்லிப் பார்த்துட்டேன். யாரும் நம்பமாட்டேங்குறாங்க. "சும்மா அளக்காதய்யா"ங்குறாங்க. அளக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அளந்தது எல்லாம் சம்மேளனம்தான், அதையும் சொல்றேன்.

மைதானத்துல அவளுக்கு "ஊசி"ன்னு பேரு. எவ்வளவு தூரத்துல நின்னு தட்டினாலும் பந்து நூல் கோத்த மாதிரி குழிக்குள்ள போயிடும். பதினேழு வயசுல பயிற்சி மைதானத்துல பந்து பொறுக்கற வேலைக்குச் சேர்ந்தவ அவ. பெரிய மனுஷங்க அடிச்சுத் தள்ளுற பந்தை எல்லாம் கூடையில பொறுக்கிக் கொண்டாரணும். அவளுக்கு நடக்கச் சோம்பல். ஒடிஞ்ச மட்டை ஒன்னை எடுத்து, இருந்த இடத்துல இருந்தே ஒவ்வொரு பந்தா கூடைக்குள்ள அடிச்சுப் போட ஆரம்பிச்சா. இருநூறு அடி தூரத்துல இருக்கற கூடை. அடிக்க வந்த பெரிய மனுஷங்க அடிக்கறதை விட்டுட்டு அவளை வேடிக்கை பார்த்தாங்க. அதுல ஒருத்தர் தன்னோட பழைய மட்டை செட்டைக் குடுத்துட்டு, இனிமே இந்த ஆட்டமே வேண்டாம்னு வீட்டுக்குப் போயிட்டாராம்.

அந்த மைதானத்து ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போனப்பதான் நான் அவளைப் பார்த்தேன். ரிப்பேர் முடிய ஒன்பது நாள் ஆச்சு. அரை மணி நேர வேலை அது.

கல்யாணத்துக்கு அப்புறம் அவ தொழில்முறை ஆட்டக்காரி ஆனா. ஊர் ஊராப் போய் ஆடினா, ஜெயிச்சா. அதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. தேசியப் போட்டிக்கு வந்து சேர்ந்தப்பதான் சம்மேளனம்னு ஒன்னு இருக்கறதே எங்களுக்குத் தெரிஞ்சுது.

கோல்ஃப்ல கம்மியா அடிச்சவங்கதான் ஜெயிச்சவங்க. அதோட ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிஞ்சதும் எத்தனை அடி அடிச்சோம்னு எழுதின ஸ்கோர் கார்டுல நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். குடுக்கலைன்னா ஆடினது ஆடாத கணக்கு. இந்தச் சம்மேளனத்துல அதுக்குன்னு தனியா ஸ்கோர் அறை இருக்கு. "ஆட்டம் முடிந்த முப்பது நிமிடங்களுக்குள் ஸ்கோர் அறையில் நேரில் கையெழுத்திடப்படாத அட்டை செல்லாது" - இது விதி முப்பத்தொன்னு. ஸ்கோர் அறை பிரதான மண்டபத்தோட கோடியில இருக்கு. "மகளிர் எவரும் உறுப்பினர் ஒருவரின் உடன்வருபவர் என்ற தகுதியிலன்றிப் பிரதான மண்டபத்தினுள் பிரவேசிக்கலாகாது" - இது விதி பதினாலு. பொம்பளைங்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. அது எந்த விதியிலயும் இல்லை. விண்ணப்பத்துல "மனைவியின் பெயர்"னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பாத விண்ணப்பத்தை வாங்கமாட்டாங்க, அவ்வளவுதான்.

ஆக, பொம்பளைங்க ஆடலாம். தாராளமா ஆடலாம். வெயில்ல கருகலாம், ஜெயிக்கலாம். ஜெயிச்சதைக் காகிதத்துல ஏத்தணும்னா மட்டும் யாராவது ஒரு ஆம்பளை கூட்டிட்டுப் போகணும்.

முதல் வருஷம் அவ மத்தவங்களைவிட ஆறு அடி கம்மியா அடிச்சு முன்னாடி இருந்தா. அட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டு நேரா மண்டபத்துக்குப் போனவளை வாசல்காரர் தடுத்துட்டார். வாசல்காரர் நல்ல மனுஷன். "உறுப்பினர் யாரும்மா கூட வர்றாங்க?"ன்னு கேட்டார். "நான்தாங்க ஜெயிச்சவ"ன்னா இவ. "சந்தோஷம்மா. கூட யாரு வர்றாங்க?"ன்னார் மறுபடியும். இதுக்கு முன்னாடி ஜெயிச்சவங்க எல்லாம் உறுப்பினர்களோட பொண்டாட்டிங்க, பொண்ணுங்க. அதனால இப்படி ஒரு சிக்கல் வரும்னு யாருமே யோசிக்கலையாம்.

செயலாளர் ஓடி வந்தார். ஒல்லியான மனுஷன், விதிப் புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருப்பார். அவர் முகத்துல நிஜமாவே வருத்தம் இருந்துச்சு, அதை நான் மறைக்க விரும்பலை.

"ஜன்னல் வழியா கையெழுத்துப் போடட்டுமாங்க?"ன்னு கேட்டா என் பொண்டாட்டி.

"விதியில ஜன்னல் இல்லையேம்மா."

"நான் உள்ள வரலைங்க. கை மட்டும் உள்ள வரும்."

செயலாளர் யோசிச்சார். புத்தகத்தைப் புரட்டினார். "கையும் மகளிர்தானேம்மா"ன்னார்.

மண்டபத்துல உக்காந்திருந்த உறுப்பினர்கள்ல அஞ்சு பேர், தாங்கள் இந்த அம்மாவை உடன் அழைச்சுட்டுப் போகத் தயார்னு எந்திரிச்சு நின்னாங்க. எல்லாருக்கும் எழுபது வயசுக்கு மேல. ஒருத்தர் சீப்பை எடுத்துத் தலை வாரினார். செயலாளருக்கு முகம் சிவந்து போச்சு. "வேத்து ஆம்பளைகூட வேண்டாம்மா, கணவர்னு யாராவது இருக்காரா?"ன்னு கேட்டார். நான் வண்டி நிறுத்துற இடத்துல, கை நிறைய கிரீஸோட, யாரோ ஒருத்தரோட கார் ஏசியை நோண்டிக்கிட்டிருந்தேன். என்னைத் தரதரன்னு இழுத்துட்டு வந்தாங்க.

பதினோரு நிமிஷத்துல நான் கௌரவ உறுப்பினர் ஆனேன். அந்த நேர்காணலை நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.

"தொழில்?"

"ஃப்ரிட்ஜ் மெக்கானிக்."

"குளிர்பதனத் துறை"ன்னு எழுதினார். "உங்க ஹேண்டிகேப் எவ்வளவு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இதையெல்லாமா கேப்பாங்க? "பெருசா ஒன்னுமில்லைங்க, இடது காது கொஞ்சம் மந்தம்"னேன்.

"அப்ப ஒன்னு"ன்னு எழுதிக்கிட்டார். பின்னாடி நின்னவங்க எல்லாம் சட்டுன்னு மரியாதையா விலகி நின்னாங்க. ஹேண்டிகேப்னா இந்த ஆட்டத்துல திறமையை அளக்கிற கணக்காம். எவ்வளவு கம்மியோ அவ்வளவு பெரிய ஆட்டக்காரனாம். ஒன்னுன்னா கிட்டத்தட்ட தெய்வமாம். சம்மேளனத் தலைவரோடது இருபத்தாறு.

தலைவரோட பழைய கோட்டை எனக்கு மாட்டிவிட்டாங்க. என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு என் பொண்டாட்டி உள்ள நடந்தா. மொத்த மண்டபமும் எந்திரிச்சுக் கை தட்டுச்சு. எனக்குத்தான் தட்டுறாங்கன்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அவ கையெழுத்துப் போட்டா. அப்போ முப்பது நிமிஷம் முடிய இன்னும் நாப்பது விநாடி இருந்துச்சு.

பரிசளிப்பு அதைவிடக் கூத்து. மேடை, மண்டபத்தோட ஒரு பகுதி. உடன்வருபவர் மேடை ஏற விதியில்லை. அதனால கோப்பையை நான் வாங்கினேன். அவ கீழே என் கைப்பையையும் தன் மட்டைப் பையையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நின்னா. தலைவர் மைக்கைப் பிடிச்சார். கனத்த குரல், கண்ணை மூடிக்கிட்டுத்தான் பேசுவார்.

"பெண்கள் இல்லாமல் இந்த விளையாட்டு இல்லை! இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். அவர்கள் வீட்டில் இருப்பதால்தான் நாம் இங்கே நிம்மதியாக இருக்கிறோம். இன்று ஒரு பெண் இத்தனை தூரம் வந்திருக்கிறார் என்றால், அவரை வாசல் வரை அனுமதித்த இந்தச் சம்மேளனத்தின் பெருந்தன்மையை வரலாறு பேசும். உள்ளே அழைத்து வந்த கணவரையும் பேசும்."

கைதட்டல் அடங்கவே இல்லை. அடுத்தது நான் பேசணும்னாங்க. "எல்லாம் நல்லபடியா நடந்ததுக்கு நன்றிங்க. உங்க ஐஸ் மெஷின் சத்தம் சரியில்லை, கம்ப்ரெஸரைப் பார்க்கணும்"னேன். எளிமையான மனிதர்னு எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க. மறுநாள் பேப்பர்ல "உடன்வருபவர் பிரிவில் குளிர்பதனத் துறை நிபுணர் சாம்பியன்"னு வந்துச்சு.

வீட்டுல என் மாமியார் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "ஏன் மாப்பிள்ளை, ஓடி ஓடி அடிச்சது அவ. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கறது உங்களுக்கா?"

என் பொண்டாட்டி அப்போ சிரிச்சா. "விடும்மா. அவருக்கும் ஒரு நாள் கோட்டு போட்டுக்கணும்னு ஆசை இருக்காதா?"ன்னா. விழுந்து விழுந்து சிரிச்சோம் எல்லாரும்.

ரெண்டாவது வருஷமும் இதே கதை. மூணாவது வருஷமும் இதே கதை. நடுவுல எனக்கு என்ன ஆச்சுன்னா, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, எனக்கு அது பிடிச்சுப் போச்சு. காலம் பூரா அடுத்தவங்க வீட்டுச் சமையலறைத் தரையில மல்லாந்து படுத்துக்கிட்டு வேலை பார்த்தவன் நான். "ஏம்ப்பா, செருப்பை வெளிய விட்டியா?"ன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. இங்க உள்ள போனா "வாங்க ஐயா"ங்குறாங்க. ஹேண்டிகேப் ஒன்னாச்சே! மட்டையை எப்படிப் பிடிக்கறதுன்னு என்கிட்டயே வந்து கேப்பாங்க. "மனசுதான் முக்கியம்"னு சொல்லி வெப்பேன். தலையாட்டிட்டுப் போவாங்க. சொந்தமா ஒரு கோட்டு தைச்சுக்கிட்டேன்.

அப்புறம்தான் குழுக்கள்ல சேர்த்தாங்க. முதல்ல முழங்கால் துணைக்குழு. பொம்பளைங்க போடுற பாவாடை முழங்காலுக்கு எத்தனை விரக்கடை மேல இருக்கலாம்னு முடிவு பண்றதுக்கு. ஏழு ஆம்பளைங்க, பதினோரு கூட்டம். முழங்கால் எங்க ஆரம்பிக்குதுங்கறதுலயே நாலு கூட்டம் போயிடுச்சு. "நடைமுறை அனுபவம் உள்ளவர்"னு என்னை அளவெடுத்துட்டு வரச் சொன்னாங்க. நானும் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் அளக்கிற டேப்பை எடுத்துட்டு அவ முன்னாடி போய் நின்னேன்.

"என்னங்க இது?"

"சம்மேளனத்துல கேட்டாங்க."

"என் முழங்காலை எதுக்குங்க சம்மேளனம் கேக்குது?"

"உன்னோடதுன்னு இல்லம்மா. பொதுவா."

அவ காலை நீட்டினா. அன்னிக்கு அவ சிரிக்கலை. நான் அளந்து எழுதிக்கிட்டேன்.

நாலாவது வருஷம் வந்துச்சு. இந்த வருஷம்தான் முக்கியம். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, தேசியப் போட்டியில முதல்ல வர்றவளுக்கு வெளிநாட்டுச் சுற்றுப்போட்டியில ஒரு வருஷம் முழுக்க ஆட இடம் கிடைக்கும். உலகத்துலயே நல்லா ஆடுற பொம்பளைங்க ஆடுற இடம் அது. அவளுக்கு வயசு முப்பத்தி நாலு. முப்பத்தஞ்சு ஆயிட்டா சம்மேளனக் கணக்குல "மூத்த மகளிர்". அந்தப் பிரிவு இருக்கு, தலைவர்கூட இருக்கார், போட்டிதான் கிடையாது. ஆக, இதை விட்டா அவளுக்கு வேற வழியே இல்லை.

அந்த வெளிநாட்டுப் போட்டியைப் பத்தி யாரோ அவகிட்ட ஒரு விஷயம் சொல்லியிருந்தாங்க. அதையே திரும்பத் திரும்பச் சொல்லுவா. "அங்க ஸ்கோர் அறைன்னா ஒரு கூடாரமாம்ங்க. நாலு பக்கமும் திறந்திருக்குமாம். கதவே கிடையாதாம்." சமைக்கும்போது சொல்லுவா, துணி காயப் போடும்போது சொல்லுவா. எட்டு மாசமா தினமும் காலையில நானூறு பந்து அடிச்சா. விரல் எல்லாம் பிளாஸ்திரி. சோத்தைப் பிசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டா. இவ்வளவு ஆசையா அவ எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நாலு நாள் போட்டி. மூணு நாள் முடிஞ்சப்போ அவதான் முன்னாடி. கடைசி நாள் காலையில ஷூ மாட்டிக்கிட்டே சொன்னா:

"மூணு மணிக்கெல்லாம் முடிச்சிடுவேன். நீங்க வாசல்ல நின்னாப் போதும். வேற எதுவும் செய்ய வேண்டாம். வாசல்ல மட்டும் நில்லுங்க."

"நிக்கிறேன்மா. இதைப் போய்ச் சொல்லணுமா?"

அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மகளிர் கோல்ஃப் மேம்பாட்டுக் குழுவோட முதல் கூட்டம். போட்டி நாளன்னிக்கே ஏன் வெச்சாங்கன்னு கேட்டா, "மகளிர் எல்லாரும் ஆட்டத்துல இருப்பாங்க, இடைஞ்சல் இல்லாம அவங்களைப் பத்திப் பேசலாம்"னார் செயலாளர். மொத்தம் பன்னெண்டு பேர். தலைவர், செயலாளர், மீதிப் பத்துப் பேரும் ஆடிக்கிட்டிருந்த பொம்பளைங்களோட புருஷன்மாரும் அப்பாமாரும். "பெண் அனுபவம் உள்ளவர்கள்"னு எங்களைப் பொறுக்கி எடுத்திருந்தாங்க. அரை மணியில முடிஞ்சுடும்னார் தலைவர். போனை எல்லாம் ஒரு தட்டுல வாங்கி வெளிய வெச்சுட்டாங்க.

முதல் விஷயம், குழுவுக்கு லெட்டர் பேடு அச்சடிக்கிறது. மாதிரி ஒன்னைச் சுத்துக்கு விட்டாங்க. அதுல "மகளிர் கோல்ஃப் மேம்பாட்டு குழு"ன்னு போட்டிருந்துச்சு. ஒரு ஆட்டக்காரியோட அப்பா, ரிட்டையர்டு தமிழ் வாத்தியார், மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு எந்திரிச்சார். "ஐயா, மேம்பாட்டுக் குழு. நடுவுல க் வரணும். இங்க வல்லினம் மிகும்."

செயலாளருக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு, மாதிரி அவர் தயாரிச்சது. "பார்க்கறதுக்கு க் இல்லாமத்தான் அழகா இருக்கு"ன்னார்.

தலைவர் கண்ணை மூடிக்கிட்டார். "யோசிக்க வேண்டிய விஷயம். இது மகளிர் குழு. மென்மைதான் அதன் உயிர். மகளிர் விஷயத்தில் வல்லினம் மிகலாமா? மிகவிட்டால் நாளைக்கு எங்கே போய் நிற்கும்?"

அவ்வளவுதான், பிடிச்சுக்கிச்சு. ஒருத்தர் க் போட்டா அச்சுல இடம் பத்தாதுன்னார். ஒருத்தர் "மேம்பாடு"ங்கறதையே எடுத்துட்டு "வளர்ச்சி"ன்னு போடலாமேன்னார். "வளர்ச்சிக்கும் க் வரும்"னார் வாத்தியார் விடாம. இன்னொருத்தர், இதுக்கு ஒரு துணைக்குழு போடலாம்னார். துணைக்குழுவுக்கும் க் வரும்னு வாத்தியார் சொன்னதும் அந்த யோசனையைக் கைவிட்டாங்க. மணி ரெண்டே முக்கால். "நம்ம சாம்பியன் என்ன நினைக்கிறார்?"னு தலைவர் என் பக்கம் திரும்பினார்.

நான் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். எந்திரிச்சுக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டு, கதவு ரப்பர் இல்லாத ஃப்ரிட்ஜ் எப்படியோ அப்படித்தான் க் இல்லாத குழுன்னு பத்து நிமிஷம் பேசினேன். மேஜையைத் தட்டிப் பாராட்டினாங்க. அவங்க ரெண்டாவது தடவை தட்டினதும் இன்னும் கொஞ்சம் பேசினேன். பாவி நான்.

மூணே காலுக்கு வாசல்காரர் ஒரு சீட்டோட உள்ள வந்தார். தலைவர் வாங்கிப் படிச்சார். "உடன்வருபவர் வாசலில் காத்திருக்கிறார்." அச்சடிச்ச சீட்டு அது. யாரோட உடன்வருபவர்னு எழுத அதுல கட்டம் கிடையாது. நாங்க பத்துப் பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அவங்கவங்களும் இது அடுத்தவனோடதா இருக்கும்னு நினைச்சுக்கிட்டோம். தலைவர் சீட்டைப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில வெச்சார். அடுத்த சீட்டு வந்துச்சு. அப்புறம் இன்னொன்னு. மூணு இருபதுக்கு ஏழு சீட்டு ஆயிடுச்சு, ஏழுலயும் ஒரே வாசகம்.

நான் எந்திரிச்சுட்டேன்.

"ஐயா, நான் ஒரு எட்டு வெளிய போயிட்டு வந்துடறேன். அவ வந்திருப்பா."

"உட்காருங்க ஐயா. ஓட்டெடுப்பு வரப்போகுது"ன்னார் தலைவர்.

"அஞ்சே நிமிஷம்ங்க."

செயலாளர் புத்தகத்தைத் திறந்தார். "குறைந்தபட்சம் பன்னிரண்டு பேர் இருக்கணும். நீங்க ஒருத்தர் போனாலும் கூட்டம் செல்லாது. மகளிர் மேம்பாடே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடும்."

தலைவர் பேசும்போது அன்னிக்குத்தான் முதல் தடவையா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "யாருக்காக இதெல்லாம் செய்கிறோம்? உங்க வீட்டு அம்மாவுக்காகத்தானே? அவங்க நன்மைக்காக அஞ்சு நிமிஷம் அவங்க காத்திருக்கக் கூடாதா?"

கூட்டமாவது மண்ணாவதுன்னு கதவைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கணும் நான். எழுபது அடி தூரம், எழுபதே அடி. என்னை யாரும் கட்டிப் போடலை, கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. "ஐயா"ன்னு கூப்பிட்ட அதே ஆளுங்க. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உக்காந்துட்டேன்.

க் வேணும்னு ஆறு பேர், வேண்டாம்னு அஞ்சு பேர், தலைவர் நடுநிலை. எண்ணினதை மறுபடி எண்ணினாங்க. தீர்மானத்தை வாசிச்சாங்க. அதுல "மேம்பாட்டுக்"கு மூணு இடத்துல க் விட்டுப் போயிருந்துச்சு, வாத்தியார் திருத்தினார். வெளிய வந்தப்போ மணி மூணு அம்பது.

வாசப்படிக்கு வெளிய பத்துப் பொம்பளைங்க வரிசையா நின்னுக்கிட்டிருந்தாங்க. வேர்த்து வழிஞ்சு, கையில அட்டையோட. முதல்ல நின்னவ என் பொண்டாட்டி. மூணு அஞ்சுக்கே முடிச்சுட்டு வந்திருக்கா. கடைசி நாள் ஸ்கோர் அறுபத்தேழு. இந்த மைதானத்துல ஆம்பளைங்களே அடிச்சதில்லை அந்தக் கணக்கை. அவ என் தோளுக்குப் பின்னாடி, உள்ள மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நின்னா. வாசல்காரர் தலை குனிஞ்சு நின்னார். "நான் ஏழு சீட்டுங்க, ஏழு சீட்டு குடுத்தேன்"னு முனகினார். "அதோட சீட்டுப் புத்தகம் தீர்ந்து போச்சு."

பதினோராவதா ஒருத்தி மட்டும் உள்ள போய்க் கையெழுத்துப் போட்டிருந்தா. அவ புருஷனுக்குப் பக்கவாதம், சக்கர நாற்காலியில மர நிழல்ல தூங்கிக்கிட்டிருந்தார். பழைய உறுப்பினர். தூங்குறவரை அப்படியே தள்ளிக்கிட்டு உள்ள போயிருக்கா. உறுப்பினர் முழிச்சிருக்கணும்னு விதியில இல்லை. நாலு நாள் சேர்த்து என் பொண்டாட்டி அடிச்சது இருநூத்தி எழுபத்தொன்னு. அவ அடிச்சது நானூத்தி ரெண்டு. செல்லுபடியான அட்டை அது ஒன்னுதான். அவதான் சாம்பியன்னு அறிவிச்சுட்டாங்க, வெளிநாட்டு இடமும் அவளுக்குத்தான். பாவம், அவளே அழுதுட்டா. "எனக்கு வேண்டாம்ங்க, ஊசிக்கே குடுத்துடுங்க"ன்னா. மறுக்கறதுக்கு விண்ணப்பம் உண்டு, அதுல உறுப்பினர் கையெழுத்துப் போடணும்னார் செயலாளர். உறுப்பினர் இன்னும் எந்திரிக்கலை.

நான் அப்பதான் கத்தினேன். வாழ்க்கையில முதல் தடவையா அந்த மண்டபத்துல சத்தம் போட்டேன். "என்னய்யா அநியாயம் இது? ஜெயிச்சவ வாசல்ல நிக்கிறா, நீங்க எழுத்துக் கூட்டிக்கிட்டு இருந்தீங்களா? மனுஷங்களாய்யா நீங்க?" தொண்டை கிழியக் கத்தினேன். கோட்டைக் கழட்டித் தரையில வீசினேன்.

தலைவர் பொறுமையாக் கேட்டுக்கிட்டார். கடைசியில என் தோள்ல கை வெச்சார். "உங்க ஆவேசத்தை நான் மனசாரப் பாராட்டுறேன். மகளிருக்காக ஒரு ஆண் இப்படிக் குரல் குடுக்கறதைப் பார்த்து எத்தனை நாளாச்சு! இதைக் குறிப்புல ஏத்துங்க. இதை விசாரிக்க ஒரு குழு போட்டு, இவரையே தலைவராப் போடுங்க." சுத்தி நின்னவங்க கை தட்டினாங்க. யாரோ கோட்டை எடுத்துத் தூசி தட்டி என் கையில குடுத்தாங்க. நானும் அதை வாங்கிக்கிட்டேன்.

பஸ்ல வந்தோம். மட்டைப் பையை நான் தூக்கறேன்னு கையை நீட்டினேன், அவ குடுக்கலை. மடியில வெச்சுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே வந்தா. வீட்டுக்கு வந்ததும் மாமியார் வாயைத் திறந்தவங்க, இவ முகத்தைப் பார்த்துட்டு அப்படியே உள்ள போயிட்டாங்க. இவ சமையலறைத் தரையில உக்காந்து விரல்ல இருந்த பிளாஸ்திரியை ஒவ்வொன்னா உரிச்சா. நான் எதிர்ல உக்காந்தேன். மன்னிச்சுடுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், அதுக்குள்ள அவ கேட்டா.

"ரெண்டு மணி நேரம் உள்ள அப்படி என்னங்க பேசினீங்க?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "உன்னைப் பத்தித்தாம்மா"ன்னேன்.

"என்ன முடிவாச்சு?"

"க் வேணும்னு முடிவாச்சு."

அவளுக்குப் புரியலை. லெட்டர் பேடு, வாத்தியார், வல்லினம்னு முழுக்கச் சொன்னேன். அவ உரிச்ச பிளாஸ்திரியை எல்லாம் ஒரு உருண்டையாச் சுருட்டிக்கிட்டே கேட்டா.

"நீங்க?"

"நானும் வேணும்னுதான் கையைத் தூக்கினேன்."

அவ அழலை. அழுதிருந்தாத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்த புது ஆளைப் பார்க்கற மாதிரி என்னையே பார்த்தா.

"அவங்களுக்குக் கையைத் தூக்கிட்டீங்க"ன்னா. "எனக்குக் கையை விரிச்சுட்டீங்க."